கொல்லிமலை நீரும் கோடியக்கரைப் பறவைகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



மலைமேல் எடுக்கப்பெறும் விழாவில் கடற்கரைச் சதுப்பு நிலம் பேசுபொருளாவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பழந்தமிழ் நூல்களில் பழகியவர்க்கு அவ்வையம் எழாது. ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறும் பாடியவர் கபிலர். நெய்தல் நூறும் பாடியவர் அம்மூவனார். கபிலர் பாடிய பகுதியில் கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து என இரண்டு பத்துகள் உள்ளன. அம்மூவனார் பாடிய பகுதியில் வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து என இரண்டு உள்ளன. மலைக்குக் கிளியும் மயிலும், கழிக்குக் குருகும் கடற்காக்கையும் எனப் பறவையைக் கொண்டே நிலத்தை இனங்காணும் பழக்கம் தமிழர்க்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. அவ்விரு நிலங்களையும் ஒரே நூலுக்குள் அடுத்தடுத்து வைத்தமையும் எண்ணத்தக்கது. மலை வேறு, கடல் வேறு. ஆனால் நூல் ஒன்று.

அந்த ஒருமை ஏட்டளவில் நிற்பதன்று. கொல்லிமலையின் சோலைகளிலும் மலைவயல்களிலும் ஊறும் நீர் ஐயாறாகத் திரள்கிறது. அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கையாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே சமவெளியில் இறங்கி, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியோடு கலக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடமும், கல்லணையில் வெண்ணாறும் காவிரியிலிருந்து பிரிகின்றன. வெண்ணாறு பல கிளைகளாகித் தஞ்சை, திருவாரூர் வயல்களினூடே தென்கிழக்காகச் செல்கிறது. அக்கிளைகளுள் பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் காயலை அடைகின்றன. முள்ளியாறு போன்ற வேறு சில வேதாரண்யத்துப் பெருஞ்சதுப்பை நாடுகின்றன. காவிரியின் பெருநீரில் ஐயாற்றின் பங்கு சிறிதே. எனினும் கொல்லிமலையில் பெய்த மழையின் ஒரு துளி சென்று முடியக்கூடிய இடங்களுள் கோடியக்கரையை அடுத்த சேற்று நிலமும் ஒன்று என்பது மிகைக் கூற்றன்று.

ஆற்றுநீர் கடலிற் கலந்தால் அது வீண் என்னும் சொல் மேடைதோறும் ஒலிக்கிறது, செய்தித்தாள்தோறும் அச்சேறுகிறது. அச்சொல் எத்துணை உண்மை என்பதை வாதத்தால் அறிவதைவிடக் காலால் நடந்து அறிவது எளிது. அதற்கு ஏற்ற இடம் கோடியக்கரை.

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, கோடியக்கரையில் சட்டென மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக்கு நீரிணை. அத்திருப்பத்தின் பின்புறம், மணல்மேட்டுக்கும் வயல்களுக்கும் இடையே, மேற்கு நோக்கி 40 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது வேதாரண்யத்துப் பெருஞ்சதுப்பு. அதன் மேற்குப் புறத்தில் முத்துப்பேட்டைக் காயல் அமைந்துள்ளது. வெளிமான்களைக் காக்கும் நோக்குடன் கோடியக்கரைக் காடு 1967 இல் சரணாலயமாக்கப்பட்டது. 1988 இல் சதுப்பும் தலைஞாயிறு காப்புக்காடும் சேர்க்கப்பெற்று அது விரிவடைந்தது. ஈரநிலங்களைக் காக்க 1971 இல் ஈரானின் இராம்சார் நகரில் உருவான உடன்படிக்கையில் இந்தியா 1982 இல் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் 2002 இல் கோடியக்கரை இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் ஏறிய முதல் இடம் அதுவே. அடுத்த இடம் ஏற இருபது ஆண்டுகள் ஆயின. 2022 இல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல் முதலியன தொடர்ந்தன.

கொல்லிமலையிலிருந்து செல்பவர் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, காரவள்ளி, நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி வழியே வேதாரண்யத்தை அடையலாம். திருத்துறைப்பூண்டிக்கும் அகஸ்தியம்பள்ளிக்கும் இடையே 37 கிலோமீட்டர் அகல ரயில்பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பயணத்துக்கு ஏற்ற காலம் கார்த்திகை முதல் மாசி வரை. வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்பி ஓய்ந்த பின்னரே பறவைகள் பெருந்திரளாய்க் காணப்பெறும்.

வேதாரண்யத்தைத் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்கள் தோன்றுகின்றன. 1930 ஏப்ரலில் இராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்து வந்து, அம்மாதம் 30 ஆம் நாள் உப்பெடுத்துச் சட்டத்தை மீறிய மண் இது. சங்க காலத்து உமணர் உப்பு வண்டிகளை ஓட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கிச் சென்றனர் எனப் பாடல்கள் கூறுகின்றன. மலையிலிருந்து கடலுக்கு நீர் வந்தது. கடலிலிருந்து உள்நாட்டுக்கு உப்புச் சென்றது. பழைய கொடுக்கல் வாங்கல் அது.

காட்டுக்குள் நுழைவோர் முதலிற் காண்பது உலக்கைப்பாலை முதலான, ஆண்டு முழுதும் இலையுதிராத் தாழ்ந்த மரங்களின் செறிவு. மழை குறைந்த கடற்கரையில் பசுமை மாறாது நிற்கும் இவ்வகைக் காடு தமிழகக் கடற்கரையில் இன்று அரிதாகிவிட்டது. மரங்கள் விலகும் புல்வெளியில் வெளிமான்கள் மேயும். முறுக்கிய கொம்புடைய கலைமான் தலை நிமிர்ந்து நிற்க, பிணைமான்களும் குட்டிகளும் சூழ்ந்திருக்கும். இக்காட்டில் விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் ஆறுமணிக் குருவி எனப்படும் பறவையும் உண்டு. இமயத்து அடிவாரம் முதலிய வடநிலங்களிற் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் தெற்கே வரும் அது, கடல் தாண்டி இலங்கைக்குச் செல்லுமுன் இக்காட்டில் இறங்கி இளைப்பாறும். மலைச்சோலையில் வாழ்வோர்க்கும் அப்பறவை புதியதன்று.

காட்டை விட்டுச் சதுப்பின் விளிம்புக்கு வரும்போது கண்ணுக்கு முதலில் ஏமாற்றமே எஞ்சும். தட்டையான நிலம், சாம்பல் நிறச் சேறு, முழங்காலளவும் ஆழமில்லாத நீர், எல்லையில்லா வானம். அருவியும் பள்ளத்தாக்கும் கண்டு பழகிய மலைவாழ்நர்க்கு இங்குக் காண ஒன்றுமில்லை என்றே தோன்றும். காலை வெயில் முதுகிற்படுமாறு நின்று, அசையாது, பேசாது, அரை நாழிகை பொறுத்தால் அச்சேறு உயிர்பெறும். சேற்றின் நிறத்தோடு ஒன்றியிருந்த கற்கள் யாவும் கால் முளைத்து ஓடும். அவையெல்லாம் உள்ளான்கள்.

சிட்டுக்குருவியளவே உள்ள கொசு உள்ளான், சேற்றின் மேற்பரப்பைத் தையல் ஊசி போலக் குத்திக்குத்திப் பொறுக்கும். பவளக்கால் உள்ளான் தன் நெடிய சிவந்த கால்களால் நீருக்குள் நடந்து மிதப்பனவற்றை எடுக்கும். கருவால் மூக்கன் தன் நீண்ட நேரலகைக் கண்வரை சேற்றுள் அமிழ்த்தும். ஆந்தையன்றி உள்ளான் இனத்தைச் சேர்ந்த பெரிய கோட்டான், அரிவாள்போல் வளைந்த அலகால் நண்டுவளையின் அடிவரை துழாவும். ஒரே சேற்றின் வெவ்வேறு ஆழங்களில் வெவ்வேறு புழுவும் சிப்பியும் நண்டும் வாழ்கின்றன; ஒவ்வோர் ஆழத்துக்கும் ஓர் அலகு வாய்த்துள்ளது. அதனாலேயே ஆயிரமாயிரம் பறவைகள் ஒரே இடத்தில் பூசலின்றி உண்கின்றன. இவற்றுக்கு அப்பால், நீரும் வானும் கூடும் கோட்டில், வெளிறிய செம்மை படிந்த நீண்ட வரிசையாகப் பூநாரைகள் நிற்கும். அவை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகின் ஓரத்துச் சல்லடையால் நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும். இறகின் செம்மையும் அவ்வுணவிலிருந்து பெறப்பட்டதே. கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, நீர்க்காகம் எனச் சரணாலயத்தில் பதிவுபெற்ற பறவை வகைகள் 250க்கும் மேல்.

இங்கு நடப்போர்க்குச் சில நெறிகள் உண்டு. பாதையை விட்டுச் சேற்றில் இறங்கலாகாது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, இக்கோடிக்கரைச் சேற்றில் வந்தியத்தேவன் அகப்பட்டுத் தவித்ததையும் பூங்குழலி அவனைக் கரையேற்றியதையும் தமிழுலகமே படித்தது. கதை என்று அதனைத் தள்ளிவிட வேண்டா. அடுத்து, பறவைக் கூட்டத்தை நெருங்கிப் பறக்கவைத்துப் படம் எடுப்பது பெருந்தீங்கு. சைபீரியத் தூந்திரத்திலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த கொசு உள்ளான், திரும்பும் பயணத்துக்குரிய கொழுப்பைச் சேர்க்க இங்கு உண்கிறது. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அது சேர்த்ததில் ஒரு பகுதியை இழக்கிறது. எட்டி நின்று இருகண்நோக்கி வழியே காண்பதே அதற்குச் செய்யும் விருந்தோம்பல்.

பறவைகள் தொலைநிலம் சென்று மீள்வதைத் தமிழ்ப் புலவர்கள் அறிந்திருந்தனர். வறுமையால் மதுரையிற் குளிரில் நடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர், தென்குமரியில் நீராடி வடதிசைக்கு மீளும் செங்கால் நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக விடுத்தார். நாரைக்கு வடக்கே ஒரு வீடுண்டு என்பதை அவர் கண்டிருந்தார். பிற்கால அறிவியல் அதனை வளையமிட்டு உறுதி செய்தது. 1883 இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் வழிகாட்டலில் பறவைகளின் வலசையை ஆராயத் தொடங்கியது. 1980களில் கோடியக்கரையில் எண்ணற்ற பறவைகளின் காலில் வளையம் பூட்டிப் பறக்கவிட்டது. அக்கழகத்தின் பணியில் பீகாரைச் சேர்ந்த மிர்சிக்கார் எனப்படும் பரம்பரைப் பறவைபிடிப்போரும் உதவினர். விற்பதற்காகக் கற்ற கலை, விடுவிப்பதற்குப் பயன்பட்டது.

இத்துணைப் பறவைகள் இங்கு வரக் காரணம் யாது என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடையுண்டு: கலப்பு. ஐப்பசி முதல் மழைநீரும் ஆற்றுநீரும் சதுப்பில் இறங்கி உப்பைத் தணிக்கின்றன. ஆறு கொணரும் வண்டலில் பாசியும், பாசியை உண்ணும் புழுவும் இறாலும், அவற்றை உண்ணும் மீனும் பெருகுகின்றன. தை, மாசியில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறுகிறது; இரை சேற்றில் செறிகிறது; பறவைகள் திரள்கின்றன. கோடையில் நிலம் உப்புப் பூத்துக் காய்கிறது. மீண்டும் மழை, மீண்டும் கலப்பு. கடல்நீர் மட்டும் வந்தால் அது வெறும் உப்பளம். ஆற்றுநீர் மட்டும் வந்தால் அது ஏரி. இரண்டும் காலமறிந்து கலந்தாலே அது சதுப்பு. கடலிற் கலப்பதன்முன் ஆறு செய்யும் கடைசி வேளாண்மை இது.

அவ்வேளாண்மை இன்று நலிவுற்றிருக்கிறது. 1980களில் வந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உள்ளான்கள் பெரிதும் குறைந்துவிட்டன என்பது அங்கேயே பல்லாண்டு வளையமிட்ட ஆய்வாளர்கள் கண்ட உண்மை. காரணங்கள் பல. ஆற்றின் கிளைகள் வழியே வரும் நன்னீர் அருகியது. வருவதும் வயல்களின் பூச்சிமருந்து கலந்து வருகிறது. பெரிய உப்புத் தொழில் சதுப்பின் பரப்பில் விரிந்தது. கடற்கரை மாவட்டங்களில் இறால் பண்ணைகள் பெருகியபோது காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் அவற்றுக்கு எதிராகத் தீர்ப்பும் பெற்றார். எனினும் 2005 இல் வந்த நாடாளுமன்றச் சட்டம் உரிமம் பெற்ற பண்ணைகளுக்கு வழிவிட்டது. காட்டில் சீமைக் கருவேலம் பரவிப் புல்வெளியை விழுங்குகிறது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலும் எஞ்சியதையும் உலுக்கின. கஜாவில் சாய்ந்த மரங்கள் எண்ணற்றவை. மாண்ட மான்களும் பறவைகளும் பல.

புயல் போய்விடும், மரம் மீண்டும் தளிர்க்கும். நீர் வாராமை அத்தகையதன்று. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் அளித்த இறுதித் தீர்ப்பில், ஆற்றின் நீர்வளம் 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டுப் பங்கிட்டது. கருநாடகம் 270, தமிழ்நாடு 419, கேரளம் 30, புதுச்சேரி 7. எஞ்சியது 14. அதில் சுற்றுச்சூழல் காப்புக்கென 10. தவிர்க்க இயலாது கடலுக்குச் செல்வதென 4. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி. குறைத்துக் கருநாடகத்துக்குக் கூட்டியது. அந்த 14 டி.எம்.சி. கணக்கில் மாற்றம் செய்யவில்லை. எழுநூற்று நாற்பதில் பதினான்கு என்பது நூற்றில் இரண்டுக்கும் குறைவு. அதிலும் கடலுக்குச் செல்லும் நான்கு, கொடுத்ததாக எழுதப்படவில்லை. தப்பிச் சென்றதாக எழுதப்பட்டுள்ளது. சொல்லின் நுட்பம் அறிந்த இவ்வவைக்கு அவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கடைமடை உழவன் நீரின்றி வாடும்போது கழிமுகத்துப் புழுவுக்கும் பறவைக்கும் நீர் கேட்பது அறமாகுமா? தகுதியுடைய கேள்வி அது. நாகை மாவட்டத்துக் கடைமடையில் குறுவை கருகியதைக் கண்டவர் எவரும் அதனை எளிதாகத் தள்ளார். ஆயினும் கடைமடை உழவனும் சதுப்பும் பகைவரல்லர். ஒரே வாய்க்காலின் கடைசியிரண்டு வீட்டார். கடைமடைக்கு நீர் வந்த ஆண்டே வடிகால் வழியே சதுப்புக்கும் நீர் வரும். ஆற்றில் நன்னீர் ஓட்டம் குன்றிய இடத்தில் உவர்நீர் உள்ளேறும். அது முதலில் தொடுவது அவ்வுழவனின் கிணற்றையே. காயலின் அலையாத்திக் காட்டில் கருவுயிர்க்கும் மீனும் இறாலும் நண்டும் முத்துப்பேட்டை மீனவரின் வலைக்கு வருவன. பறவை உண்பதும் மீனவர் பிடிப்பதும் ஒரே கலத்துச் சோறு.

மேலும், கடலுக்குச் செல்லும் நீர் யாவும் சதுப்பை வளர்ப்பதாகக் கொள்வதும் பிழை. 2018 ஆகஸ்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்து, முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் 22 ஆம் நாள் இரவு அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் கொள்ளிடம் வழியே விரைந்து பழையாற்றுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. அதே வேளையில் வெண்ணாற்றின் கடைமடைகளில் நீர் வரவில்லை என்னும் குரல் எழுந்தது. ஒரே வழியில், ஒரே வாரத்தில் பாயும் நீர் வயலுக்கும் உதவாது, வேதாரண்யத்துச் சேற்றுக்கும் உதவாது. பல கிளைகளில், பல நாள், மெல்லப் பரவி வரும் நீரே இரண்டையும் வாழ்விக்கும். ஆகவே எத்துணை நீர் கடலுக்குச் சென்றது என்பது மட்டும் கேள்வியன்று. எவ்வழியே, எவ்வளவு நிதானமாகச் சென்றது என்பதே கேள்வி.

நிதானமாக நீர் விடுவது அணைகளின் பணி மட்டுமன்று. மலையின் பணியும் ஆகும். சோலையும் புல்லும் மூடிய சரிவு, மழையை வாங்கி வைத்துத் தை மாசிவரை ஊற்றாகக் கசியவிடும். வெற்றுச் சரிவு அன்றே அத்தனையையும் மண்ணோடு இறக்கிவிடும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலைச் சரிவுகளில் மரவள்ளி பரவியது. கிழங்கு அகழ்ந்தபின் நிலம் கிளறுண்டு, மறைப்பின்றிக் கிடக்கும் காலம் நீண்டது. அதனைப் பயிரிட்டவரைக் குறைகூறிப் பயனில்லை. சாமைக்கு விலையில்லாத காலத்தில் கிழங்கே சோறு போட்டது. ஆனால் ஓர் ஓடைக்கரையில் மரத்தை நிறுத்துவதும், சரிவில் கல்வரப்பைப் பழுதுபார்ப்பதும், சாமைக்கு நல்ல விலை கேட்பதும் மலையளவில் நின்றுவிடும் செயல்களல்ல. அவற்றின் பயன் புளியஞ்சோலையைத் தாண்டிச் செல்லும்.

கோடியக்கரைக்குச் சென்று வருவோர் பறவைப் பட்டியலோடு மட்டும் திரும்புதல் போதாது. க. ரத்னம் போன்றோர் அரிதின் முயன்று தொகுத்த தமிழ்ப் பறவைப் பெயர்களைக் கற்றுச் செல்வது முதற்படி. பெயர் அறியாத உயிரின்மேல் பரிவு நிலைப்பதில்லை. அப்பெயர்கள் குறிக்கும் உயிர்கள் எந்த நீரால் வாழ்கின்றன என அறிந்து மீள்வது அடுத்த படி. கபிலரையும் அம்மூவனாரையும் ஒரு நூலில் கோத்த தொகுப்பாளர், குறிஞ்சியின் நீர் நெய்தலில் முடிவதை வீண் என எண்ணவில்லை. பத்தாண்டு நிறைவு கண்ட இவ்விலக்கிய வட்டம் சொற்களின் பொருளைக் காப்பதைத் தன் கடனாகக் கொண்டது. அக்கடனின் ஒரு பகுதியாக, ஆற்றின் முடிவைக் குறிக்கும்போது 'வீண்' என்னும் அச்சொல்லை இனி இம்மலையிலேனும் எடுத்தாளாது விடுவது தக்கது. மார்கழி விடியலில் சதுப்பின் கரையில் நின்று, சேறு முழுதும் எழுந்து ஒரே வீச்சில் வானில் திரும்புவதைக் கண்டவர் எவரும் அச்சொல்லைக் கூசாது மொழியார்.